அண்ணியின் இரண்டு வருஷ வீட்டு வேலை

என் அண்ணி சாந்தம்மாவின் பயோடேட்டாவை நான்தான் டைப் அடித்தேன். 1989-இல் பிளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டில் உட்காரப் பிடிக்காமல் ஓசூரில் டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தேன். சிப்காட்டில் புதிதாக வந்த மோட்டார் பாகங்கள் கம்பெனி, மிஷின் வேலைக்குப் பெண்களை எடுப்பதாகச் சொன்னார்கள்.

அண்ணி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். தேன்கனிக்கோட்டையில் பிறந்த வீட்டில் பட்டுப்புழுவுக்கு இலை போட்டது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசனுக்குத் தோல் சீவியது. அப்புறம் ஒரு தகர டப்பா கம்பெனியில் இரண்டு வருஷம் பிரஸ் மிஷின்.

வம்பு அங்கேதான். அந்தக் கம்பெனியில் ஸ்டிரைக் நடந்து, கடைசியில் பூட்டியே விட்டார்கள். அதன் பெயரை எழுதிக்கொண்டு அண்ணி போன இடமெல்லாம் கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள்.

"அதை மட்டும் எடுத்துடு சரசு," என்றார் என் அண்ணன் ராமப்பன்.

"நான் மிஷினைத் தொட்டதே அங்கதான். அதை எடுத்துட்டா நான் யாரு, மாங்கா சீவறவளா?"

"உனக்கு மிஷின் வேணுமா, பேரு வேணுமா?"

அண்ணிக்கு மிஷின்தான் வேண்டும். அது இல்லாமல் வீட்டில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த இரண்டு வருஷத்துக்கு நேராக 'வீட்டு வேலை' என்று அடித்துப் படித்துக் காட்டினேன்.

"கேட்டு முன்னாடி நின்னு கோஷம் போட்டேனே, அதுவும் வீட்டு வேலையா?" என்று கேட்டுவிட்டு அண்ணியே சிரித்துவிட்டார்.

டப்பா கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஷிஃப்டானாலும், மிஷினிடம் போகும் முன் அந்த ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு திருப்புத் திருப்பிக் காட்ட வேண்டும். வளையல், மோதிரம் இல்லையென்றால் அவர் மணிக்கட்டில் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் போகலாம். வேறெங்கும் இப்படி இல்லை.

இன்டர்வியூ முடிந்து வந்த அண்ணி, நடந்ததைக் கூடத்தில் நின்று நடித்தே காட்டினார். மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்லி, அண்ணி முன்பின் பார்த்திராத திம்மராயன் என்கிற சூப்பர்வைசர் அவரை உள்ளே கூட்டிப்போனாராம். மிஷினைப் பார்த்ததும் அண்ணி தன்னை மறந்து கைகளை நீட்டித் திருப்பிவிட்டார். திம்மராயனும் தன்னை மறந்து பென்சிலால் தட்டிவிட்டார்.

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்களாம்.

"ஏம்மா, உன் பயோடேட்டாவுல வீட்டு வேலைன்னு இருக்கு?"

"ஆமாங்க சார். உங்க பயோடேட்டாவுல என்ன போட்டீங்க?"

திம்மராயன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கோழிப்பண்ணை," என்றாராம்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். "மெல்லச் சிரிம்மா, மானேஜர் வர்றாரு. மிஷினை ஓட்டு." அண்ணி ஓட்டினார். திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்தும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தினமும் அவர் கையை நீட்ட, திம்மராயன் தட்ட, பின்னால் நின்ற பெண்களும் இதுதான் இந்தக் கம்பெனி சட்டம் போலிருக்கிறது என்று வரிசையாக நீட்ட ஆரம்பித்தார்கள். மானேஜருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எல்லா ஷிஃப்டிலும் இப்படியே செய்யச் சொல்லிவிட்டு, அண்ணியைக் கூப்பிட்டு, "எங்கம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டாராம்.

"வீட்டுலதான் சார்," என்றாராம் அண்ணி.