கீழ்க்கோடியில் ஒரு சூப்பர் ரூம்

போன மாதம் கோரிப்பாளையத்தில் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை வழித்து முடித்துவிட்டு, "காரியத்த சூப்பராப் பண்ணிட்டாங்க சார்" என்றார். செத்துப்போனவர் என் சினேகிதர். நான் இலையை மூடிவிட்டேன். எழுந்து கை கழுவப் போனால் அங்கே பினாயில் வாசனை. 'சூப்பர்' என்ற சொல்லும் அந்த வாசனையும் ஒன்றாக வந்தால் என் புத்தி வேறெங்கும் போகாது, நேராக ஆரப்பாளையம்தான்.

எண்பதுகளின் தொடக்கம். டிகிரியை வைத்துக்கொண்டு வேறொன்றும் அகப்படாமல் அங்கே ஒரு லாட்ஜில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மேனேஜர் என்று சொல்லிக்கொள்வேன். சாவி எடுத்துக் கொடுப்பதும், ஆள் வராத நாளில் வாளி தூக்குவதும்தான் வேலை. தரைத்தளத்தின் கோடியில் ஒரு அறை. அதன் சாக்கடைக் குழாய் எங்கோ அடைத்திருந்தது. மாடியில் யார் குளித்தாலும் இந்த அறையின் கக்கூசிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டு வரும். அதில் மிதந்து வருவதை எல்லாம் எழுத வேண்டாம், நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.

முதலாளி முத்துக்கருப்பன் தரையைத் தோண்டவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டார். கதவில் சிவப்பில் 'சூப்பர் டீலக்ஸ்' என்று எழுதச் சொன்னார். மேசையில் பிளாஸ்டிக் ரோஜா, சுவரெல்லாம் மல்லிகை சென்ட். பினாயிலும் மல்லிகையும் மலமும் சேர்ந்தால் என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியும். வாடகையையும் ஏற்றிவிட்டார்.

அதில் முதலில் மாட்டியவள் கோயில் பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரி. மறுநாள் காலையில் சாவியைக் கொடுத்தவள் சண்டை போடவில்லை, கதவிலிருந்த சொல்லைப் பற்றிப் பேசினாள். பள்ளிக்கூடத்தில் லத்தீன் படித்தவளாம். சூப்பர் என்றால் லத்தீனில் 'மேலே' என்று அர்த்தமாம். அது ஸ்பானிஷில் 'சோப்ரே' என்று ஆகி, அவர்கள் மொழியில் 'சுர்' என்று தேய்ந்துவிட்டதாம். தேய்ந்தது போதாதென்று எல்லாரும் பழைய சொல்லையே மறுபடி எடுத்து, ஜெர்மன்காரனும் இத்தாலிக்காரனும்கூட, எதன் முன்னால் வேண்டுமானாலும் ஒட்டுகிறார்களாம். நான் திருதிருவென்று விழித்தேன். அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கி, "சூப்பர்" என்றாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த அறைப் பக்கம் காட்டி, "சப்" என்றாள். லத்தீனில் 'கீழே'யாம்.

முதலாளிக்கு ஒரே மகள், தனலட்சுமி. காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். மேலூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். விடியக்காலையில் நிச்சயதார்த்தம் என்பதால் மாப்பிள்ளையின் தகப்பனார் பெரியசாமி, மனைவியோடு முதல் நாள் சாயங்காலமே லாட்ஜுக்கு வந்துவிட்டார். முதலாளி சமையல்காரரைப் பார்க்கப் போயிருந்தார். பெரியசாமி ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போய் அந்தக் கதவின் முன்னால் நின்றார். மாடியில் காற்றோட்டமான அறை இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"சம்பந்தி இதத்தான் எங்களுக்குன்னு வச்சுருப்பாரு, தம்பி. அம்புட்டுப் பெருசா எழுதியிருக்குல்ல" என்றார்.

அரை மணி நேரத்தில் மாடியில் ஒரு கூட்டமே குளிக்க ஆரம்பித்தது. கறுப்புத் தண்ணீர் குளியலறைப் படியைத் தாண்டி அறைக்குள் ஓடியது. நிச்சயச் சேலை இருந்த பை கட்டிலடியில் நனைந்தது. அந்தம்மா வராந்தாவுக்கு ஓடிவந்து வாந்தியெடுத்தார். நான் பினாயில் வாளியோடு ஓடினேன்.

முதலாளி வந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "இது வெளியாளுகளுக்குன்னு வச்சது, சம்பந்தி. சும்மா பேருக்குத்தான் சூப்பரு" என்றார்.

பெரியசாமி கோபப்படவில்லை. ஈரப் பையை எடுத்துக்கொண்டார். "பொண்ணப் பத்தியும் நீங்க வாயால சொன்னதத்தான நம்பியிருந்தோம்" என்றார். அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். நிச்சயம் நின்றுபோனது.

மறுநாள் தனலட்சுமி லாட்ஜுக்கு வந்தாள். அழுதிருந்த முகம். அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்து நின்றாள்.

"என்னையும் இப்படித்தான் பெயிண்ட் அடிச்சுக் காட்டுனீங்களாப்பா?"

அவர் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். இனியாவது தரையைத் தோண்டுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பெயிண்டர்தான் வந்தார். சிவப்பு எழுத்தை அழித்துவிட்டுப் பச்சையில் 'அல்ட்ரா டீலக்ஸ்' என்று எழுதினார். ஒருவன் தன் மகள் கண்ணீருக்குப் பிறகும் அப்படிச் செய்வான் என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அன்றைக்கே வேலையை விட்டேன். பெரிய கொள்கைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், வாளி தூக்குகிறவன் நான்தானே.

தனலட்சுமி படிப்பை முடித்துத் தபாலாபீஸ் வேலைக்குப் போனாள், தனக்குப் பிடித்தவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். லாட்ஜை எப்போதோ இடித்துவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எதிரே ஒரு மெஸ் இருந்தது, அதுவும் போய்விட்டது. வருத்தம் அதில்தான். அதை நடத்திய சௌராஷ்டிரக்காரர் இலையில் ஊற்றுவதற்கு முன்னால் வாளியைப் பிடித்தபடி குனிந்து, "இன்னைக்கு சாம்பார் சுமார்தாண்ணே, ரசம் வாங்கிக்கங்க" என்பார். தன் சரக்கைத் தானே சுமார் என்று சொல்லுகிற ஒருவரை இந்த ஊரில் நான் பார்த்துப் பல வருஷமாயிற்று.