பிடியை விட்டவர்

எங்கள் ஊர்த் திருவிழாவில் குளச்சல் மீனவனான குத்துச்சண்டை சாம்பியனோடு மோத, குலசேகரத்திலிருந்து, குத்தும் மல்யுத்தப் பிடியும் கலந்த எம்எம்ஏ சண்டை வீரர் ஒருவரை வரவழைத்தோம். நசுங்கிய காதுகள், குட்டையான உருவம். எதிராளியைத் தொடுமுன் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார்.

அவர் பிடியில் வலி தாங்காவிட்டால் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். சொன்னால் சாம்பியன் சீக்கிரமே தட்டிவிடுவான், ஆட்டம் சப்பென்று முடியும் என்று கமிட்டித் தலைவனான நான் அதை அவனிடம் மறைத்தேன்.

அவர் சாம்பியனைக் கீழே சாய்த்துக் கையை முறுக்கினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். திடீரென்று அவரே பிடியை விட்டார். எழுந்தவன் விட்ட ஒரே குத்தில் விழுந்தும் போனார்.

வீங்கிய தாடைக்கு ஐஸ் கொடுத்து, "ஏன் விட்டீரு?" என்றேன்.

"கை ஒடிஞ்சா அவன் எப்பிடி வலை இழுப்பான் சாரே? தட்டணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல்லியா?"

பதிலுக்குக் காத்திராமல் சிரித்தார்.

மறுநாள் சாம்பியன் இரு கையாலும் வலை இழுப்பதைப் பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. நான் மறைத்தது தெரிந்துதான் அவர் சிரித்தாரா?