டப்பா ஜூஸ் வைன்

சேச்சி அயர்லாந்துக்குப் போன வருடம்தான் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். மாநகராட்சி அலுவலகத்தில் ஒரே அறையில், அடுத்தடுத்த மேசைகளில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தோம். அவர் மலையாளத்தில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். போகப்போக யார் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே தெரியாமல் போயிற்று. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் சேச்சி, அதாவது அக்கா. ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மட்டாஞ்சேரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சாயா குடித்துவிட்டுத்தான் போவார். பிறகு, அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள், தான் கர்ப்பமானதும் அவரை அழைத்துக்கொண்டாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு இரண்டு அறை வீட்டில் நான் மட்டும்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, காலையில் பால் வாங்கப் போய் வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். முந்தைய நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் சேச்சி போனில் கூப்பிட்டார்.

"எடீ, எனக்கு இங்க பிராந்து பிடிச்சிடும் போல, முழுப் பைத்தியம். மோளும் மருமகனும் டூட்டிக்குப் போயிட்டா, நான் ஜன்னல்கிட்ட இருந்து மழையை நோக்கிட்டு இருக்கேன். கிறிஸ்துமஸுக்கு வைன் போடப் போறேன்."

"அங்க பரணி, ஜாடி எல்லாம் கிடைக்குமா சேச்சி?"

"பரணியும் இல்ல, நல்ல திராட்சையும் இல்ல. கடையில டப்பா ஜூஸ் வாங்கி வச்சிருக்கேன். நீயும் வாங்கு. ரெண்டு பேரும் ஒரே நாள் போடலாம்."

வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு அவர் செய்யும் வைனில் ஒரு குப்பி எனக்கு வந்துவிடும். நானாக ஒருநாளும் செய்ததில்லை. தெருமுனைக் கடையில் இரண்டு லிட்டர் திராட்சை ஜூஸ் வாங்கி வந்தேன். அவர் போனில் சொல்லச் சொல்ல, பெரிய கண்ணாடிக் குப்பியில் அதை ஊற்றி, சர்க்கரை, கிராம்பு, ஒரு துண்டு பட்டை, பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட் எல்லாம் போட்டேன். குப்பியின் வாயில் ஒரு பலூனை மாட்டி, அதில் ஊசியால் ஓர் ஓட்டை போடச் சொன்னார். ஜூஸ் பொங்கினால் பலூன் எழுந்து நிற்குமாம். வாயு ஓட்டை வழியாக மெல்ல வெளியேறுமாம்.

மறுநாள் மாலை நாலரை மணிக்கு மறுபடி கூப்பிட்டார். "என் பலூன் எழும்பிடுச்சு! நின்னு ஆடுது. உன்னுது?"

என்னுடைய பலூன் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னுதும் எழும்பிடுச்சு சேச்சி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எழும்பவில்லை என்று சொல்லியிருந்தால், "சரி, விடு" என்றிருப்பார். அதோடு அந்த நாலரை மணி போனும் நின்றுவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். அவர் தன் குப்பியில் நுரை கட்டுவதைச் சொல்வார். நான் அதையே கொஞ்சம் மாற்றி எனக்கும் நடந்ததாகச் சொல்வேன். மத்தியானம் சாப்பிட்டதிலிருந்தே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

ஆறாவது நாள், "வீடியோ போடு, பார்க்கட்டே" என்றார்.

"சார்ஜ் இல்ல சேச்சி, பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று போனை வைத்தேன். ஓட்டை போடாத வேறொரு பலூனை எடுத்து வாயால் ஊதினேன். கழுத்தை முறுக்கிப் பிடித்துக் குப்பியில் மாட்டுவதற்குள் இரண்டு தடவை காற்று என் முகத்திலேயே அடித்தது. மூன்றாவது தடவை நின்றது. பிறகு வீடியோவில் கூப்பிட்டேன்.

சேச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"எடீ, நுரையே காணோமே."

நான் போனைக் குப்பியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"பலூன் மட்டும் இப்படி முறுக்கா நிக்குது. நீ ஊதினதா?"

"ஆமா."

சிரித்தார். சிரிப்பு இருமலாகிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அடங்கியதும் முகம் மாறியது. "என்கிட்ட எதுக்குக் கள்ளம் சொன்னே? நான் தினமும் பைத்தியம் மாதிரி அதை நம்பிட்டு இருந்தேன்."

மன்னிப்பு மட்டும் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜூஸ் டப்பாவின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார். பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, "கெடாம இருக்க மருந்து போட்ட ஜூஸ். இதுல ஈஸ்ட் பிழைக்காது. மருந்து இல்லாததா வாங்கு" என்றார்.

மறுநாள் பஸ் பிடித்து இடப்பள்ளி போனேன். அங்கே ஒரு பெரிய கடையில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படித்து இரண்டை எடுத்துவந்தேன். இந்தத் தடவை இரண்டாம் நாளே நுரை வந்தது. சமையலறைக்குள் நுழைந்தாலே புளிப்பும் கிராம்பும் கலந்த வாசனை. பகலில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே சின்னச் சின்னதாக வெடிக்கும் சத்தம். வீட்டில் ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாற்காலியைச் சமையலறையிலேயே போட்டுக்கொண்டேன்.

சேச்சியிடம் இப்போது சொல்ல நிஜமாகவே நிறைய இருந்தது. ஆனால் அவர் மகளுக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. தினமும் வந்த போன் வாரம் ஒன்றாகி, பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வரும் அரை நிமிட வாய்ஸ் மெசேஜாகிவிட்டது. தன் வைனைச் சிங்கில் கொட்டிவிட்டதாக ஒன்றில் சொன்னார். அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லையாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் என் வைனைத் துணியில் வடிகட்டினேன். மூன்று குப்பி வந்தது. கொடுக்கலாம் என்று பார்த்தால், என் சந்தில் வலப்பக்கத்து வீட்டில் மரைக்காயர் குடும்பம், இடப்பக்கம் குஜராத்தி ஜைனர்கள், எதிரே கொங்கணி பிராமணர்கள். வைன் என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் சேச்சி கூப்பிட்டார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. கொஞ்சம் துவர்ப்பு."

"கிராம்பு கூடிப்போச்சு. சரி எடீ, வைக்கட்டே?"

"சேச்சி, நாளைக்கும் கூப்பிடணும்" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் இப்படி ஒன்றை நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சமயம் கிட்டினா கண்டிப்பா" என்றார்.

மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில், நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது. குழந்தைக்கு வயிற்றில் வாயு, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, ஓமத் தண்ணீர் கொடுக்கலாமா என்றால் மகள் கத்துகிறாள் என்று பாதித் தூக்கத்தில் சொல்லிக்கொண்டே போனார். குழந்தைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.