அக்காவுக்கு வாயாக இருந்தேன்

நான் பொய் சொன்னேன். ஒரு தாய் தன் மகளிடம் சொன்ன சொற்களை, இருவருக்கும் நடுவில் நின்று மாற்றிச் சொன்னேன். அந்த மகள் என் அக்கா.

மொழி புரியாமல் செய்த பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது! புரிய வேண்டும் என்பதற்காகத்தானே மூன்று வருடம் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன்... அந்தக் காதால் ஒன்றைக் கேட்டேன். இந்த வாயால் வேறொன்றைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது, அதனால்தான் துணிகிறேன்.

என் அக்கா பாக்கியம் பிறப்பால் சீனப் பெண். எங்கள் மலாய் நாட்டுப் பக்கம் இது அதிசயமே இல்லை. அந்தக் காலத்தில் பெண் குழந்தை பிறந்து, கோயில் சாமியாடி "இது குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டால், சில சீனக் குடும்பங்கள் அதைத் தமிழர் வீட்டில் கொடுத்துவிடும். என் பெற்றோர் அப்போது ரவாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளையில்லாமல் ஏங்கிக் கிடந்த அம்மாவின் கைக்கு இருபது நாள் குழந்தையாக வந்து சேர்ந்தாள் அக்கா. ஏழு வருடம் கழித்து நான் பிறந்தேன். அக்கா வந்த ராசிதான் என்னையும் கொண்டுவந்தது என்று அம்மா சொல்வாள்.

பிறகு அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தோம். நான் பள்ளியில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அக்கா தையல் தொழிற்சாலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

பொட்டு வைப்பாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாள். ஆனால் பாசாருக்கு, சந்தைக்குப் போனால், மீன் விற்பவர் அவள் முகத்தைப் பார்த்ததும் காண்டனீஸில் பேசத் தொடங்குவார். அவள் திருதிருவென்று விழித்து மலாயில் பதில் சொல்வாள். சீனச்சிக்குச் சீனம் தெரியாதா என்று பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவுவாள். அன்றைக்கு மீன் வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவப்படும்.

அந்த மொழியைக் கற்றுக்கொண்டவள் அவள் அல்ல. நான்!

எண்பத்து மூன்றில் எங்கள் வீட்டுக்கு வீடியோ வந்தது. தெருமுனைக் கடையில் ஹாங்காங் தொடர்கள் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு கதைக்கு இருபது கேசட். பேச்சு காண்டனீஸ், அடியில் மலாய் எழுத்து. முதலில் பொழுதுபோக்காகத்தான் பார்த்தேன். பிறகு கண் எழுத்தைப் படிக்க, காது பேச்சைப் பிடிக்க... ஒரு நாள் எழுத்து வருவதற்கு முன்பே அர்த்தம் வந்துவிட்டது! அந்தப் போதையை எப்படிச் சொல்வது? ஒரே கேசட்டை ஐந்து முறை, ஆறு முறை போடுவேன். கேட்டதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதுவேன். குரல் ஏறினால் எழுத்துக்கு மேல் ஒரு கோடு, இறங்கினால் கீழே ஒரு கோடு. அலுவலகம் போகும் பஸ்ஸில் இரண்டு சீனக் கிழவிகள் பேசிக்கொண்டிருந்தால், என் நிறுத்தம் தாண்டியும் உட்கார்ந்திருப்பேன். ஆசிரியர் கிடையாது, வகுப்பு கிடையாது. காது தானாகப் பழகிக்கொள்ளும் என்று எல்லாரிடமும் பெருமையடித்தேன்.

அக்கா மட்டும் அந்தத் தொடர்களைப் பார்க்க மாட்டாள். டேப் ஓடத் தொடங்கினாலே சமையலறைக்குப் போய்விடுவாள். "என்னையே கேலி பண்ற மாதிரி இருக்குடி" என்பாள்.

எண்பத்தாறில் அம்மா படுத்த படுக்கையானாள். போவதற்கு நான்கு நாள் முன்பு, அக்காவை அருகில் கூப்பிட்டு, முப்பத்தைந்து வருடமாக வாய் திறக்காத விஷயத்தைச் சொன்னாள். ரவாங் பழைய சந்தைக்குப் பின்னால் சீனக் கம்பம், சீனர்கள் குடியிருக்கும் கிராமம். பச்சைக் கதவு போட்ட பலகை வீடு. வாசலில் ரம்புத்தான் மரம். பெற்றவள் பெயர் ஆ மூய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவ பார்த்துட்டு வந்துடலாம் கமலா. வெளியாள் யாரையும் கூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல. நீதான் பேசணும். என் வாயா நீ இரு."

என் வாயாக நீ இரு... இந்தச் சொல்லைக் கவனியுங்கள். இதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒருத்தி இன்னொருத்தி மேல் வைக்க முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். அக்கா தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கோபம் இல்லை என்று சொல்ல வேண்டும், நன்றாக வளர்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். நான் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் காண்டனீஸில் மாற்றி அடுக்கிக்கொண்டேன். எனக்கு உள்ளூர ஒரு பரீட்சைக் குதூகலம். வெட்கக்கேடு... அவள் தாயைப் பார்க்கப் போனாள், நான் என் மொழியைக் காட்டப் போனேன்!

ரம்புத்தான் மரம் இருந்தது. பச்சைக் கதவும் இருந்தது. ஒரு கிழவி வாசலில் உட்கார்ந்து தவுகே, பயற்று முளைகளின் வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். மகன்களும் மருமகள்களும் சந்தைக் கடையில் இருந்தார்கள். அவள் தனியாக இருந்தாள். மலாயில் அவளுக்குத் தெரிந்தது காய்கறி விலை கேட்கும் அளவுதான்.

நான் சொல்லத் தொடங்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தவுகேத் தட்டு மடியிலிருந்து சரிந்தது. அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு, மனம் தவித்தால் இடது காது மடலைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கிழவியும் அப்போது இடது காது மடலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்! அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேருமே சிரித்தார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். அதே கன்னம், அதே பல்வரிசை...

அந்த வாசலில் அந்நியமானவள் நான்தான். இருபத்தெட்டு வருடம் கூடவே படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, அவள் உழைப்பில் படித்தவள் நான். என் முகத்தில் அவள் சாயல் ஒரு துளி இல்லை. அம்மா போய்விட்டாள். இவளும் போய்விட்டால்?

கிழவி பேசினாள். என்னைப் பார்க்கவே இல்லை, அக்காவைப் பார்த்தே பேசினாள். கொடுத்த மறுநாளே திரும்ப வாங்கத் தோட்டத்துக்கு நடந்து வந்தாளாம். அந்தத் தமிழ்ப் பெண், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாளாம். கேட்க மனம் வராமல் திரும்பிவிட்டாளாம். மாமியாரும் சாமியாடியும் செத்து எத்தனையோ வருடம் ஆயிற்று, இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்றாள். மூன்று அண்ணன்கள் இருக்கிறார்கள், தங்கை ஒருத்தி உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் மூன்கேக் பெருநாள், குடும்பமே கூடும் நாள். வரச் சொல், வந்து இரண்டு நாள் தங்கச் சொல், இது அவள் வீடு என்றாள்.

"என்ன சொல்றாங்கடி? சொல்லேன்..." அக்கா என் முழங்கையை உலுக்கினாள்.

ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் எனக்கு இருந்தது. இல்லை என்று நான் சொல்ல முடியாது.

"கொடுத்ததுக்கு மன்னிப்புக் கேக்கறாங்கக்கா. ஆனா... மகனுங்களுக்கு இது தெரியாதாம். சாமியாடி சொன்னது இன்னும் இருக்காம். நீ இங்க வந்து போனா அவங்களுக்கு ஆகாதாம். இனிமே வர வேணாம்னு அழறாங்க."

பாருங்கள், எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! கிழவியின் கண்ணீருக்கும் பொருந்துகிற பொய். திட்டமிடாமல், வாய் கூசாமல், அப்படியே வந்தது.

அக்காவின் கை காது மடலிலிருந்து இறங்கியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வர மாட்டேன்னு சொல்லு. எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லு. அவங்க புள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

நான் கிழவியிடம் திரும்பினேன். மிகச் சுத்தமான காண்டனீஸில், ஏற்ற இறக்கம் ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னேன்: "பெருநாளுக்குக் கட்டாயம் வருவாள்."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். கிள்ளான் என்றேன். பிரிக்பீல்ட்ஸ் என்று சொல்லவில்லை! கிள்ளானா, என் மூத்தவன் லோரி ஓட்டுகிறான், வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் போகிறான் என்று கை தட்டிச் சந்தோஷப்பட்டாள். அந்த மனிதர் எத்தனை தெருவில் லோரியை நிறுத்தி விசாரித்தாரோ... யார் கண்டது?

கேட் வரை வந்தாள். நாங்கள் நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து அக்காவைப் பார்த்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஃபான் லாய் செக் ஃபான்! ஃபான் லாய் செக் ஃபான்!"

வீட்டுக்கு வந்து சாப்பிடு. அவ்வளவுதான் அதன் அர்த்தம். எல்லாத் தொடர்களிலும் எல்லாத் தாயும் சொல்வது. என் நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதிய முதல் வாக்கியம் அதுதான்.

"அது என்னடி?" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

"பத்திரமா போங்கன்னு சொல்றாங்க."

அதன் பிறகு நான் டேப் எடுக்கவில்லை. நோட்டை அலமாரியின் அடியில் தள்ளினேன். ஆனால் கற்ற மொழியை எங்கே தள்ளுவது? பஸ்ஸில், கடையில், பக்கத்து வீட்டு ரேடியோவில் அது பேசிக்கொண்டே இருந்தது. எனக்குப் புரிந்துகொண்டே இருந்தது.

அக்கா ரவாங் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். நான் ஒவ்வொரு வருடமும் நாளை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான்கு வருடம் கழித்து ஒரு நாள், அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு ரவாங்குக்குத் தனியாகப் போனேன். உண்மையைச் சொல்லி முடித்துவிடுவது என்றுதான் போனேன். பச்சைக் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் மொழியிலேயே கேட்டேன். கிழவி போன வருடம் இறந்துவிட்டாள், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள் என்றாள். பிறகு தானாகவே சொன்னாள், பாவம், கிள்ளானில் ஒரு மகள் இருப்பதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள் என்று.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தலைவலி என்றேன். அக்கா நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் செத்த பொய்யாகக் கிடந்திருக்கும். முடியவில்லை...

முழங்கால் வலியால் அக்கா இப்போது வேலையை விட்டுவிட்டாள். சென்ற வருடத்திலிருந்து மாலையில் தொலைக்காட்சி முன் உட்காருகிறாள். காண்டனீஸ் தொடர்! அடியில் ஓடும் மலாய் எழுத்தை விரலை நீட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பாதி படிப்பதற்குள் அது ஓடிவிடுகிறது. மறுநாளும் உட்காருகிறாள். நான் சத்தம் தாங்கவில்லை என்றேன். தமிழ்ப் படக் கேசட் வாங்கி வந்து போட்டேன். அவள் சிரித்தாள்.

"புரியலன்னாலும் காதுல விழட்டும்டி. காது தானா பழகிக்கும்னு நீதானே சொன்ன?"

ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னாள். கிழவி கேட்டில் நின்று சொன்ன அதே ஏற்றம், அதே இறக்கம். காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கத்தி நின்றது. எட்டு வருடமாக அர்த்தம் தெரியாமலே அந்தச் சத்தத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்! "பத்திரமா போங்கன்னு இவ்ளோ நீட்டியா சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டு, வெங்காயத்தைப் பார்த்தபடியே உரித்தாள்.

போன மாதம் அது நடந்தது. திரையில் ஒரு தாய் வாசலில் நின்று, கோபித்துக்கொண்டு போகும் மகளைக் கூப்பிட்டாள். அதே நான்கு சொற்கள். அடியில் இரண்டே மலாய்ச் சொற்கள் வந்தன: பாலிக் மாக்கான். வீட்டுக்கு வா, சாப்பிடு. கூட்டிப் படிக்க நேரம் போதாத நீளமான வாக்கியம் இல்லை அது.

அக்காவின் விரல் நீட்டியபடியே நின்றது. பிறகு இடது காது மடலுக்குப் போனது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தேன். அவள் திரும்பவில்லை. தொடர் முடிந்து விளம்பரம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். திரும்பு, திட்டு, அடி என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. பொய்க்குத் திறந்த வாய்!

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தட்டு வைக்கும் ஓசை கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"கமலா... ஃபான் லாய் செக் ஃபான்."

எழுந்து போனேன். அவள் முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. தெரிந்துதான் கூப்பிட்டாளா? தெரிந்தும் மன்னித்தாளா, தெரிந்ததால் தண்டிக்கிறாளா? கேட்க எனக்குத் துணிவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படியேதான் கூப்பிடுகிறாள்.

நான் போய் உட்காருகிறேன். அவள் சோறு போடுகிறாள். சாப்பிடுகிறேன்.