பெற்றது எத்தனை?

ஐயா இருந்திருந்தால், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் தன் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேர்களில் எழுத்துப் பிழை தேடியிருப்பார். எங்கள் பகுதிக்குப் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக இருந்தவரின் பழக்கம் அது. ஊரில் பாதிப் பேரின் பெயரை முதன்முதலில் எழுதியது அவருடைய பேனாதான்.

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஐயா. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். அச்சுவேலியில் அம்மாவைக் கைப்பிடித்தார். முன்கோபக்காரர். கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும், போனதும் அம்மாவிடம் தேத்தண்ணி கேட்பார். பிள்ளையின் வயதைக் குறைத்துப் பதியச் சொல்லி வாழைக்குலையோடு வருகிறவர்கள் குலையோடேயே திரும்பிப் போவார்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் அவருக்குக் கோபம் தணிந்ததே இல்லை. எங்கள் ஊரில் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் பிரசவத் தீட்டான துடக்குக் கழித்துத்தான் பேர் வைப்பார்கள். அதற்குமுன் தவறிய குழந்தையை மண்ணில் தாட்டுவிட்டு, பேரில்லாததற்குப் பதிவு என்ன என்று இருந்துவிடுவார்கள். கேள்விப்பட்டால் ஐயா சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் படலைக்கே போய்விடுவார்.

"பேர் இல்லாட்டில் என்ன, பிறந்ததெல்லோ?" என்பார்.

செத்த வீட்டில் சட்டம் கதைக்கிறார் என்று ஊர் திட்டியது. பிள்ளைகளான எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு கொழும்பை விட்டு வந்த இளம் பெண் டொக்டர் ஒருவர், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கைக்குழந்தைகள் எத்தனை, எதனால் இறக்கின்றன என்று ஆராயத் தொடங்கினார். இறப்புப் பதிவுகளைப் பார்க்க ஐயாவிடம் வந்தார். இதை நம்பினால் இந்த ஊரில் குழந்தைகளே சாவதில்லை என்று நினைப்பீர்கள், வீடு வீடாகப் போய்க் கேளுங்கள் என்றார் ஐயா. டொக்டரும் போனார். சில வாரங்களில் சோர்ந்துபோய்த் திரும்பி வந்தார். வீடுகளிலும் யாரும் இழந்த பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எப்படிக் கேட்கிறீர்கள் என்றார் ஐயா. தேத்தண்ணியோடு வந்த அம்மாவிடமே டொக்டர் கேட்டுக் காட்டினார்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள், அம்மா?"

"நாலு" என்றார் அம்மா.

"ஐஞ்சு" என்றார் ஐயா.

அம்மா தட்டத்தை மெல்ல வைத்தார். "டொக்டர் பிள்ளை கேட்டது இருக்கிறதை. நீங்கள் சொல்லுறது பெத்ததை" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி குசினிக்குள் போய்விட்டார்.

எங்கள் நால்வருக்கும் முன்னே ஓர் அண்ணை பிறந்து, முப்பத்தொன்றுக்கு முன்பே காய்ச்சலில் போனதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். ஐயா அப்போது பதிவாளர் இல்லை. பதியப் புறப்பட்டவரைப் பெரியவர்கள் மறித்திருக்கிறார்கள். அவரும் நின்றுவிட்டார். அப்படி நின்றதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

வேறு வீடுகளில் தலைப்பெண்ணை 'மூத்தவள்' என்பார்கள். ஐயா என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, 'பெரிய பிள்ளை' என்றே கூப்பிட்டார். நான் பொடியனாய்ப் பிறக்காத குறை என்று எத்தனை நாள் மனம் கறுத்திருப்பேன். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருவன் இருந்தான்.

மறுநாளே டொக்டர் தன் கேள்வியை மாற்றினார். "எத்தினை பெத்தனீங்கள்?" என்றதும் தாய்மார் விரல் மடக்கிச் சொன்னார்களாம். சில வீடுகளில் அவர்கள் அழுது முடியும்வரை காத்திருந்தாராம். அவர் வந்து இதையெல்லாம் சொல்லும்போது ஐயா கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு வந்த காலம் உங்களுக்குத் தெரியும். ஷெல்லும் குண்டும் கொண்டுபோனவர்களைப் பதிந்து பதிந்து ஐயா ஒடுங்கிப்போனார். ஓய்வு பெற்ற பின்னும், இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குப் பிறப்பு அத்தாட்சி எடுக்க மனு எழுதிக் கொடுத்தார். நீரிழிவு அவரைப் படுக்கையில் போட்டது. மருந்து தட்டுப்பாடான காலம், நாங்கள் அலையாத இடமில்லை. ஒருநாள் பின்னேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"என்ரை கல்வெட்டுப் புத்தகம் அடிக்கேக்கை பிள்ளையள் எத்தினை எண்டு போடுவியள்?"

கால்மாட்டில் இருந்த அம்மாதான் பதில் சொன்னார்.

"ஐஞ்சு."

ஐயா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஐயா மறைந்த முப்பத்தோராம் நாளான இன்று நன்றி சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஐயாவைத் தட்டிவானில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற அயலவர்களுக்கும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரை எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சோறு தந்த உறவினர்களுக்கும், கடைசிவரை வந்து பார்த்த அந்த டொக்டருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். கடதாசி கிடைக்காத இந்த நாளில் கொப்பித் தாளிலாவது இதை அடித்துத் தந்த அச்சகத்தாரை மறக்க முடியாது. கடைசிப் பக்கத்தில், பிள்ளைகள் வரிசையின் முதலில் 'மூத்தவன்' என்று மட்டும் இருப்பதைக் கண்டு, பேர் விடுபட்டுப் போச்சுதோ என்று அவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

ஒன்றும் விடுபடவில்லை, அப்படியே அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இங்ஙனம்,
ஐயாவின் இரண்டாவது பிள்ளை