பன் பையில் விட்ட மூச்சு

எங்கள் சித்தப்பா முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து காட்டிய கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

சித்தியைப் பெண் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து தன் அம்மாவோடு வந்திருந்தார். சித்தி தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்குக் கொடுத்த எங்கள் லைன் வீட்டில் தங்கி நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றவள், இவர் போட்டோவை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். இது எப்படியாவது கூடி வர வேண்டுமே என்று அம்மாவுக்கு ஒரே தவிப்பு. எனக்கோ, காகிதப் பையோடு வாங்கி வைத்திருந்த பேக்கரி பன் மீதுதான் கண்.

அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்தின் அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தது. வீடே ஒரு குலுங்கு குலுங்கியது. எங்களுக்கு இது பழக்கம்; ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஷிப்டும் கிடையாது. ஆளுக்கொரு காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தோம். பாவம், மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. பூமி பிளக்கிறது என்றே நினைத்துவிட்டார். புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. இரண்டு கை விரல்களும் குவிந்து விறைத்துக்கொண்டன.

அப்பா ஓடிப்போய் இரும்புச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். பிறகு அம்மாவிடம், "இன்னாமே இது, வலிப்பு கீற பையனுக்கா பொண்ணு குடுக்கறது? வேணாம், அனுப்பிடு" என்று கிசுகிசுத்தார். அப்பாவின் கிசுகிசுப்பு தெருவுக்கே கேட்கும். மாப்பிள்ளையின் அம்மா, "ஐயோ, எம் புள்ளைக்கு அதெல்லாம் கெடையாதுங்க" என்று அழ ஆரம்பித்தாள்.

உள்ளறையிலிருந்து பட்டுப்புடவை தடுக்க சித்தி ஓடி வந்தாள். பன்களைத் தரையில் கொட்டிவிட்டுக் காகிதப் பையை அவர் மூக்கும் வாயும் மூடும்படி பிடித்தாள்.

"வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. பயத்துல மூச்சு எச்சா வாங்கிட்டாரு" என்று அப்பாவிடம் சொன்னவள், மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "இதுக்குள்ளயே மெதுவா உட்டு இழுங்க" என்றாள்.

பின்னாளில் கல்லூரியில் படித்தேன். ரத்தத்தில் அமிலமும் காரமும் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது, கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் சேர்ந்த ஓர் ஏற்பாடாம். புத்தகம் அதைத் தாங்கல் கரைசல் என்றது. மூச்சை வாரி இறைத்தால் கரியமில வாயு குறைந்து, ரத்தம் காரத்தின் பக்கம் சாயும், விரல் இழுத்துக்கொள்ளும். விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் சரியாகும். "அட, நம்ம பன் பை!" என்று வகுப்பில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் தளர்ந்து நீண்டன. சாவிக்கொத்து கீழே விழுந்தது. அப்பா அசடு வழிய, "சரி, காபி ஊத்துமே" என்றார். ஆனாலும் சித்தி பையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை. பைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, அவர் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியும்தான்.

"அவருக்குத்தான் சரியாப் பூட்ச்சே சித்தி, பைய குடு, பன்னு பொறுக்கணும்" என்றேன்.

அம்மா நறுக்கென்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எதற்கு என்று புரியாமல் ஓவென்று அழுதேன்.