தாள்களில் ஓடிய அணுக்கள்

எழுபதுகளில், மெட்ராஸின் மே மாத வெயிலில், கையில் ஸ்வெட்டரோடு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிண்டியில் ஒரு பெரிய கூடம் முழுக்கக் கம்ப்யூட்டர். அதற்கு வேர்க்கக் கூடாது என்று எங்களைக் குளிரில் நடுங்கவிட்டார்கள்.

திடப்பொருள் சூடேறி எப்படி உருகுகிறது என்பது என் ஆராய்ச்சி. அணுக்களை வரிசையாக நிறுத்திவைத்தால், அவை ஒன்றையொன்று தள்ளுவதையும் இழுப்பதையும் மெஷின் கணக்குப் போடும். நேரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அணுக்கள் நிற்கும் இடத்தை நட்சத்திரக் குறிகளாக ஒரு தாளில் அடித்துத் தள்ளும். கணக்கை ஓட்டைகளாகக் குத்திய அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தால், விடைக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் என் கால் தரையில் பட்டதாக நினைவில்லை. குரோம்பேட்டை தாண்டும்போது ரயில் ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசிகூட எனக்கு அணுக்கூட்டம்தான்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கனவு காண்பதெல்லாம் அவருக்கு ஆகவே ஆகாது. எனக்கு பேங்க் வேலைக்கு ஆர்டர் வந்ததும் அப்பா சர்ச்சில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். "இந்தத் தடவை சரியா வரலைன்னா போயிடறேம்ப்பா" என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை விடை கிடைத்தது. சரியாக வரவில்லை. மெஷின் நேரம் மிச்சமாகட்டும் என்று துண்டுகளைப் பெரிதாக வெட்டியிருந்தேன். அணுக்கள் உருகாமல் வெடித்துச் சிதறியிருந்தன.

ஒன்றோடொன்று ஒட்டி வந்த தாள்களைத் தனித்தனியாகக் கிழித்து அடுக்கி அப்பா முன்னால் போட்டேன். "போயிடறேம்ப்பா."

"இதுல என்னதான் இருக்கு?"

ஓரத்தைப் பிடித்துச் சரசரவென்று புரட்டிக் காட்டினேன். வரிசையாக நின்ற குறிகள் லேசாக நடுங்கின, ஆடின, திடீரென்று நாலாபக்கமும் பறந்தன. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னொரு தடவை காட்டு."

காட்டினேன்.

"ஏன் பாப்பா சிதறுது?"

"நேரத்தைப் பெருசா வெட்டிட்டேன். பொடிப்பொடியா வெட்டினாதான் உருகும். அதுக்கு இன்னும் மாசக்கணக்குல ஆகும்."

அவர் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானே புரட்டினார். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நீ வரலைன்னு பேங்க்குக்கு எழுதிப் போட்டுடலாம்" என்றார் அப்பா. "அது உருகறதை நான் பார்க்கணும்."

அழுதுவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடியும் முதல் தாளிலிருந்து ஆரம்பித்திருந்தார்.